மீட்டுப் பட்டான்

கல்லின் மேல் ஒட்டியிருந்த ஈரத் தாளைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தேன். ஓங்கித் தட்டினால் தாள் கிழிந்துவிடும். மெல்லத் தட்டினால் எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்காது. அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. சித்தேரி மலைப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரம் என்பதே இல்லை.

சில வருஷங்களுக்கு முந்தைய கோடை விடுமுறை அது. தருமபுரியில் ஆசிரியர்களுக்கென்று நடந்த கல்வெட்டுப் பயிற்சியில் பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். கற்றதை முதலில் எங்கள் நிலத்துக் கல்லிலேயே முயன்று பார்க்கலாம் என்று கிளம்பி வந்துவிட்டேன். கூட வந்த ஆசிரியர்களில் ஒருவர் தாள் காய்ந்துவிடாமல் குடை பிடித்தார். இன்னொருவர் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

பதம் வந்ததும் மையை ஒற்றி ஒற்றி எடுத்தோம். கறுப்புக்கு நடுவே எழுத்துகள் வெள்ளை வெள்ளையாக எழுந்து வந்தன. எல்லாம் வட்டெழுத்து. முதல் வரியில் ராஜாவின் பெயரும் ஆண்டும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. இறந்தவனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கல்லே பெயர்ந்து போயிருந்தது. கடைசி மூன்று சொற்கள் மட்டும் முழுசாக நின்றன.

தொறு மீட்டுப் பட்டான்.

சத்தமாகப் படித்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். மாதையண்ணன். பக்கத்து நிலத்துக்காரர். என் தம்பி இறந்ததிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர்.

"என்ன எழுதியிருக்குதுங்க டீச்சர்?"

சின்ன வயதில் என்னை 'ராணி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். 'டீச்சர்' என்று அவர் வாயில் கேட்டபோது என்னவோ போல் இருந்தது. ஆனாலும் அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவராக வந்து பேசுகிறார். சொன்னேன். தொறு என்றால் மாட்டு மந்தை. எதிரி ஊர்க்காரன் ஓட்டிக்கொண்டு போன மந்தையை இவன் போய் மீட்டிருக்கிறான். அந்தச் சண்டையில் பட்டான்.

"பட்டான்னா?"

அதற்குப் பதில் சொன்னேன். அதன் பிறகு அவர் இன்னொன்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன், அந்தக் கல்லைப் பற்றியும் என் தம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் நிலத்துச் சாமி

நாங்கள் கிறிஸ்தவர்கள். மூன்று தலைமுறைக்கு மேலாகப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போட்டுப் பிழைத்தவர்கள். எங்கள் நிலத்துக்கும் மாதையண்ணன் நிலத்துக்கும் இடையில் வரப்பை ஒட்டி, எங்கள் பக்கம் அந்தக் கல் நிற்கிறது. இடுப்புயரம் இருக்கும். ஒரு கையில் வில்லும் ஒரு கையில் குறுவாளுமாக ஓர் ஆள். அவன் நெஞ்சில் அம்புகள். காலடியில் இரண்டு மாடுகள்.

மாதையண்ணன் பங்காளிகளுக்கு அவன் வேடியப்பன், குலசாமி. ஆடி மாதம் வந்து பொங்கல் வைப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அப்பா அந்த இடத்தில் பயிர் இல்லாமல் பார்த்துக்கொள்வார்.

"நம்ம சாமி இல்லதான். ஆனா நம்ம நெலத்துல இருக்கற சாமி" என்பார்.

பொங்கலில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்புவோம். இதையெல்லாம் யாரும் ஒற்றுமை என்று பெயர் வைத்துச் சொன்னதில்லை. பக்கத்துப் பக்கத்து நிலம், அவ்வளவுதான்.

தம்பி ஆரோக்கியத்துக்கு அந்தக் கல் விளையாட்டுச் சாமான். நெஞ்சிலிருக்கும் அம்புகளை விரல் வைத்து எண்ணுவான். ஐந்து என்பான். நான் நான்கு என்பேன். ஐந்தாவது வெறும் விரிசல் என்று மைப்படி எடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்வதற்குத்தான் அவன் இல்லை.

ஆரோக்கியம்

என்னைவிட ஆறு வயது சின்னவன். படிப்பு ஏறவில்லை, நிலம் ஏறியது. கோயில் பாடகர் குழுவில் சுருதி சேராமல் உரக்கப் பாடி, சாமியாரிடம் திட்டு வாங்குவான். யார் வீட்டில் மாடு கன்று போட்டாலும், யார் மோட்டார் நின்றாலும் முதலில் போய் நிற்பான். ஞாயிற்றுக்கிழமை குடிப்பான். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பின்னால் அந்த ஒன்றுதான் அவனைப் பற்றி ஊர் பேசும் ஒரே பேச்சாக ஆகிப்போனது.

ஒரு கோடையில் மாதையண்ணனின் கிணற்றிலிருந்து அவனைப் பிணமாக எடுத்தார்கள். அப்போது அவன் மகள் ஸ்டெல்லா ஒன்றாம் வகுப்பு.

எங்களுக்குச் சொல்லப்பட்டது இது. ஆரோக்கியம் குளிக்கப் போயிருக்கிறான். குடித்திருப்பான் போலிருக்கிறது. படியில் தவறி விழுந்துவிட்டான். அவனைக் காப்பாற்ற மாதையண்ணன் இறங்கியிருக்கிறார். கிணற்று விஷக்காற்றில் அவரும் மயங்கி, அவரை மட்டும்தான் மேலே இழுக்க முடிந்தது. சொன்னவர் மாதையண்ணனின் மச்சினன் பெருமாள். போலீஸிலும் அவர்தான் சொன்னார். மாதையண்ணன் அப்போது சேலத்தில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

தம்பி பெண்டாட்டி லூர்து ஒரு நாளும் அதை நம்பவில்லை.

"நம்ம தொட்டியில தண்ணி தளும்பிக்கிட்டு நிக்குது. காஞ்சு கெடக்கற கெணத்துக்குப் போயி எதுக்கு அண்ணி குளிக்கணும்? கையப் பாத்தீங்களா, ரெண்டு உள்ளங்கையும் உரிஞ்சு கெடந்துதே. விழுந்தவனுக்குக் கை எப்பிடி உரியும்?"

நான் என்ன சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. "விடு லூர்து. நம்மாள மீட்கப் போயி அவரும் சாகக் கெடந்தாரு. அவங்க மேலயே பழி போட்டா நல்லாவா இருக்கும்?" என்றேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அச்சடித்தோம். வாசகம் எழுதியவள் நான்தான், தமிழ் டீச்சர் ஆயிற்றே. 'கிணற்றில் தவறி விழுந்து எம்மை விட்டுப் பிரிந்த' என்று எழுதினேன். அச்சில் பார்த்தபோது வாசகம் நன்றாக அமைந்திருப்பதாகக்கூட நினைத்தேன்.

மாதையண்ணனுக்கு அந்த ஆடியில் ஊர்க் கோயில் முன்னால் பொன்னாடை போர்த்தினார்கள். ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் 'குடிச்சுட்டுக் கெணத்துல விழுந்தவன் மவ' ஆனாள். நான் வேலை பார்த்த பள்ளிதான். ஒருமுறை என் காதாலேயே கேட்டேன். அதைச் சொன்ன பிள்ளையைக் கண்டித்தேன். ஆனால் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படு, பட்டான், பாடு

வகுப்பில் எத்தனையோ முறை 'படு' என்ற வினையைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். துணைவினை என்று சொல்லி, நான்கு எடுத்துக்காட்டு கொடுத்து, மேலே போய்விடுவேன். அடிபட்டான், பயப்பட்டான், கஷ்டப்பட்டான். இன்னொரு சொல்லின் முதுகில் ஏறிக்கொண்டால்தான் இன்றைக்கு அதற்கு உயிர். பட்டான் என்று மட்டும் சொன்னால், என்ன பட்டான் என்று திருப்பிக் கேட்பார்கள்.

முன்பு அது தனியாக நின்ற சொல். சூரியன் மறைவதற்குப் 'படுதல்' என்று பெயர். எங்கள் பக்கம் இன்றும் வயதானவர்கள் "பொழுது பட்டுருச்சு" என்கிறார்கள். பறை முழங்குவதும் படுதல்தான். மான் வலையில் சிக்குவதும் படுதல். நடந்தது, நிகழ்ந்தது என்பதற்கும் 'பட்டது' என்றே எழுதியிருக்கிறார்கள். தென்னை மரம் காய்ந்து நின்றால் "பட்டுப்போச்சு" என்போம். அம்மன் கோயிலில் கூத்து முடியும் நாளன்று மண்ணால் பெரிய உருவம் செய்து கிடத்துகிறார்களே, அந்த இடம் படுகளம்.

பாடு என்றால் உழைப்பு. பாடு என்றால் துன்பம். அவரவர் பாடு என்றால் அவரவர் நிலைமை. பழைய வைத்தியப் புத்தகத்தில் 'பெரும்பாடு' என்பது பெண்களின் உதிரப்போக்குக்குப் பெயர். முதல்முறை அதைப் படித்தபோது, என் அம்மா மாசா மாசம் சுருண்டு படுத்திருந்தது நினைவுக்கு வந்தது.

எங்கள் கோயிலில் தவக்காலம் வந்தால் அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் இல்லை. இயேசுவின் பாடுகள். சிலுவையில் தொங்கும் உருவத்துக்குப் பாடுபட்ட சுரூபம் என்று பெயர். சின்ன வயதில் 'பாடுபட்ட' என்றால் வயலில் வேலை செய்த என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா நாளெல்லாம் பாடுபடுகிறார், இயேசுவும் பாடுபட்டிருக்கிறார். அதில் எனக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

எங்கள் மாவட்டம் முழுக்க இப்படிக் கற்கள் இருக்கின்றன. புளியந்தோப்பில், ஏரிக்கரையில், சில இடங்களில் வீட்டுப் படிக்கல்லாகக்கூட. ஒன்று மாற்றி ஒன்றில் அதே சொல்தான். செத்தான், மாண்டான், இறந்தான் என்றெல்லாம் சொற்கள் கைவசம் இருந்தும், சண்டையில் போனவனுக்கென்று இதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். நோயில் போனவனுக்குக் கல் இல்லை. வயதாகிப் போனவனுக்கும் இல்லை.

கற்களைப் பற்றிய இவ்வளவும் எனக்குப் பயிற்சியில் சொன்னது. இதில் பாதியைத்தான் அன்றைக்கு மாதையண்ணனிடம் சொன்னேன்.

வரப்பில் நின்று கேட்டது

"பட்டான்னா செத்தான்னு அர்த்தம்ணா" என்றேன்.

அவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். வருஷா வருஷம் மஞ்சள் பூசிக் கும்பிட்ட கல். மைத்தாள் ஒட்டி இவ்வளவு கறுப்பாக அதை அவர் பார்த்ததில்லை.

"விழுந்தான்னு போடலீங்களா?"

"இல்லண்ணா. சும்மா தவறி விழுந்து செத்தவனுக்குக் கல்லு வெக்க மாட்டாங்க. தெரிஞ்சே எறங்கினவன், அதுல உசுர விட்டவன், அவனுக்குத்தான் இப்பிடி எழுதுவாங்க."

எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னேன். பாடம் நடத்தும் பழக்கம். அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். வெயில் தாங்கவில்லை போல என்று நினைத்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு நீட்டினேன். வாங்கவில்லை.

"இவன் போயி மீட்டது மாட்டத்தானுங்களே."

"ஆமாண்ணா."

"மாட்டுக்கே கல்லு வெச்சிருக்காங்க" என்றார். திரும்பி வரப்பு மேலேயே நடந்து போய்விட்டார்.

விழுந்தது யார்

அடுத்த ஞாயிறு. பூசை முடிந்து லூர்து வீட்டில் இருந்தேன். ஸ்டெல்லா சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப் போகும் நேரம். வாசலில் மாதையண்ணன் வந்து நின்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் அந்த வாசலுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. லூர்தைப் பார்த்துப் பேச முடியாமல் நிலைப்படியைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு ஆரோக்கியம் விழுவலம்மா. அவன் எறங்கினான். விழுந்தது நானு."

கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால், டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி, பாதி ஆழத்திலிருந்த மேடையில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். புகை முழுக்க உள்ளேயே நின்றுவிட்டது. இன்ஜினை நிறுத்தப் போனவர் அங்கேயே சுருண்டுவிட்டார். மேலே அவர் மனைவி போட்ட சத்தம் கேட்டு எங்கள் வயலிலிருந்து ஆரோக்கியம் ஓடியிருக்கிறான். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வடக்கயிற்றைப் பிடித்து இறங்கியிருக்கிறான். முதலில் இன்ஜினை நிறுத்தினான். பிறகு அவரைக் கயிற்றில் கட்டினான். பெருமாளும் அந்தம்மாவுமாக அவரை மேலே இழுத்துப் போட்டுவிட்டு, அவிழ்த்த கயிற்றை மறுபடி கீழே விட்டபோது, பிடிக்க ஆள் இல்லை.

"உள்ள இன்ஜின ஓட்டி ஒரு ஆளு செத்துட்டான்னா எம்மேல கேஸு வரும்னு பெருமாளு பயந்துட்டான். இன்ஜினே ஓடலன்னு சொல்லிட்டான். அவன் விழுந்தான், நான் காப்பாத்தப் போனேன்னு மாத்திச் சொல்லிட்டான். நான் கண்ணு முழிச்சப்ப எல்லாம் முடிஞ்சு போயிருந்திச்சு."

"முழிச்சதுக்கப்புறம் பன்னெண்டு வருசம் என்ன பண்ணீங்க?" என்று கேட்டது ஸ்டெல்லா.

அவர் நிலைப்படியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மொதல்ல பயம் சாமி. அப்புறம் வெக்கம். அப்புறம்... பழகிப்போச்சு."

லூர்து அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"எம்புள்ள குடிகாரன் மவளுன்னு பேரு வாங்கிச்சு. நீங்க பொன்னாட வாங்கினீங்க."

"ஆமாம்மா."

"எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. எங்கெங்க பொய்யச் சொன்னீங்களோ அங்கெல்லாம் போயி மாத்திச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த வாசல்ல நிக்காதீங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். லூர்து என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கையப் பாத்தீங்களான்னு கேட்டேனே அண்ணி" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை.

நடந்தது நடந்தபடி

போலீஸ் ஸ்டேஷனுக்கு மாதையண்ணனோடு போனவள் நான். மனுவையும் நானே எழுதினேன். ஒரு பொய்யை நல்ல தமிழில் அட்டையில் எழுதியவள், உண்மையை எழுத ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டேன். பழைய நூல்களில் உண்மைக்கு 'பட்டாங்கு' என்று ஒரு பெயர் உண்டு. பட்டது பட்டபடி, நடந்தது நடந்தபடி. அதுவும் இதே சொல்லின் வயிற்றில் பிறந்ததுதான். எழுதும்போது அது நினைவுக்கு வந்தது. மனுவில் அழகான சொல் ஒன்றும் சேர்க்கவில்லை.

அங்கே இருந்த அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"எப்பவோ முடிஞ்ச கேஸுங்க டீச்சர். இப்ப எதுக்கு இவரு தானா வந்து மாட்டிக்கறாரு?"

"மாட்டிக்கறதுக்கு இல்லீங்க சார். எழுதி வெச்சிருக்கறது தப்பு. அத மாத்தணும்" என்றார் மாதையண்ணன்.

மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தந்தார்கள். பழைய கோப்பைத் தேட வேண்டும் என்றார்கள். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கோப்பில் என் தம்பி தவறி விழுந்தவன்தான்.

ஊரில் நடந்தது வேறு. ஆடியில் பங்காளிகள் எல்லோரும் வேடியப்பன் கல்லடியில் கூடியிருந்தார்கள். பொங்கல் பொங்கி இறக்கி வைத்தாயிற்று. கற்பூரம் காட்டப் போகும் சமயம். மாதையண்ணன் கற்பூரத் தட்டை வாங்காமல் கல் பக்கத்தில் போய் நின்று, லூர்து வீட்டு நிலைப்படியில் சொன்னதை அப்படியே சொன்னார். நாங்கள் எங்கள் வயலில் மஞ்சள் பாத்தியோரம் நின்றிருந்தோம், கேட்கும் தூரம்தான்.

பெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மாமா, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? யாருக்காகய்யா சொன்னேன் நானு? ஒனக்காகத்தான சொன்னேன்!"

"எனக்காகத்தான் சொன்ன பெருமாளு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா உனக்கு முன்னாடி எனக்காக ஒருத்தன் கெணத்துல எறங்கினான்."

பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பொங்கலுக்கு வந்ததில்லை. அக்கா வீட்டுக்கே வருவதில்லை என்றும் கேள்வி. கூட்டத்தில் சிலர் முன்பே தெரிந்தவர்கள் போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. பிறகு வயதான ஒருவர் தட்டை வாங்கிக் கற்பூரம் காட்டினார்.

வழக்கம் போல எங்கள் பங்குப் பொங்கலைக் கொண்டுவந்தார்கள். லூர்து வாங்கிக்கொண்டாள். மாதையண்ணனோடு மட்டும் பேசவில்லை.

புதுக் கல்

ஆரோக்கியத்தின் கல்லறையில் ஒரு சிமென்ட் சிலுவைதான் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கருங்கல் பலகை வைக்க வேண்டும் என்றாள் லூர்து. வாசகமும் அவளே சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை.

'மாதையனை மீட்டுப் பட்டார்.'

அரூரில் கல் வெட்டுபவர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பட்டாருங்க? அடிபட்டாரா, கஷ்டப்பட்டாரா? நடுவுல ஒரு வார்த்த உட்டுப்போச்சு பாருங்க."

"ஒன்னும் உட்டுப்போவல. அப்பிடியே வெட்டுங்க" என்றாள் லூர்து.

"யாராவது படிச்சுட்டுத் தப்பா வெட்டிட்டான்னு என்னத்தான் சொல்லுவாங்க."

"கேட்டா எங்கூட்டுக்கு அனுப்புங்க. நான் சொல்றேன்."

பங்குச் சாமியாரிடமும் காட்டினோம். அவர் அதிகம் யோசிக்கவில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரைக் கல்லறையில் வெட்டலாமா, அவர் வீட்டில் சங்கடப்பட மாட்டார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மாதையண்ணனின் மனைவி நிஜமாகவே பயந்தார். எழுதினால் ஆயுசு குறையும் என்று அழுதார். மகன்கள் வந்து, பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள், 'ஓர் உயிரை' என்று போடுங்கள் என்று கேட்டார்கள். லூர்து அசையவில்லை. இதில் நடுவில் நின்று தவித்தவள் நான்.

கடைசியில் மாதையண்ணனே என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "எம்பேர எடுக்க வேணாம் ராணி. யார மீட்டான்னு இல்லன்னா நாளைக்கு வேற கத கட்டிருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் கல்லைப் பதித்தோம்.

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தியும் சாமந்தியும். மந்திரித்து முடித்துச் சாமியார் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கல்லறைக்கு வருகிறவர்கள் நின்று அந்த வரியைப் படித்துவிட்டுப் போனார்கள். ஓரிருவர் லூர்திடம் அர்த்தம் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் முழுசாகச் சொன்னாள். சலித்துக்கொள்ளவில்லை.

வெளியே கேட்டுப் பக்கம் மாதையண்ணன் நிற்பதை ஸ்டெல்லாதான் பார்த்தாள். போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லின் கால்மாட்டில் நின்றார். தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். லூர்து நகர்ந்து கல்லின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஸ்டெல்லா அவரிடம் கேட்டாள்.

"உள்ள அப்பா உங்ககிட்ட எதுனா பேசினாருங்களா?"

"பேசினான் சாமி. எனக்கு அரை நெனவு. கன்னத்துல தட்டினான். அது தெரியும்."

"பயப்பட்டாருங்களா?"

"பயப்படல. அவசரப்பட்டான். கைய மேல தூக்குங்கண்ணா, கைய மேல தூக்குங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அக்குள்ல கயிறு குடுக்கணுமில்ல. என்னால தூக்க முடியல. தோளக் குடுத்து அவனே தூக்கிப் புடிச்சான்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சாமி. அதுக்கு மேல எனக்குத் தெரியல."

ஸ்டெல்லா அவர் பக்கம் இன்னும் ஓரடி நெருங்கினாள். பிறகு, "எப்பிடித் தூக்கினாரு? காட்டுங்க" என்றாள்.

மாதையண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். அறுபத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. சட்டைக் கை நழுவி முழங்கை வரை இறங்கியது. கைகளை இறக்கவில்லை. ஸ்டெல்லா அந்தக் கைகளுக்குக் கீழே, தன் அப்பா நின்றிருக்கக்கூடிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அப்படியே நின்றார்.

கல்லின் அந்தப் பக்கமிருந்து லூர்து பேசினாள். அன்றைக்கு நிலைப்படியில் பேசியதற்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"போதுங்க. கைய எறக்குங்க."